சிட்டியும் எங்கள் மடைக்காரியும்

சென்ற பிப்ரவரியில் நடந்த ஆண்டு விழாவில், பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ‘மடைக்காரி’ என்றொரு நாடகம் போட்டோம். வந்திருந்த பெற்றோர் பலரும் பார்த்தீர்கள். கை வலிக்கத் தட்டினீர்கள். மேடையில் இருபத்திரண்டு நிமிடம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் ஐந்து மாதம் திரைக்குப் பின்னால் நடந்ததை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் இம்மலரில் அதைச் சொல்லியாக வேண்டிய கடன் எங்களுக்கு இருக்கிறது.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். தன் பெயரை அச்சில் போடக்கூடாது என்று அவளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டபடியால், ‘எழுத்துக்காரி’ என்றே இங்கு அவளைக் குறிப்பிடுகிறோம். கால்வாயின் கடைமடைச் சிற்றூர் ஒன்றிலிருந்து நாள்தோறும் டவுன் பஸ்ஸில் வருவாள். அவளுடைய தாத்தா அந்தக் காலத்தில் ஊர் மடையைத் திறந்து அடைக்கும் வேலை பார்த்தவர். மேலூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, வைகையோடு சேர்ந்து, பேரணையில் பிரிந்து, நம் பக்கம் வந்து சேர்கிறது. மேலூருக்கு அது ஒருபோகத் தண்ணீர். அணையில் இருப்பு இருந்தால் வரும், இல்லையென்றால் இல்லை. வந்தாலும் கடைமடைக்கு எட்டுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியோடு வளர்ந்தவள் அவள்.

அவள் எழுதிய கதை இதுதான். பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்ணின் தாத்தா, சாகும் தறுவாயில் ஷட்டர்ச் சக்கரத்தை அவள் கையில் பிடித்துக் கொடுக்கிறார். அந்தக் கணமே ஆயிரம் ஆள் பலம் அவளுக்கு வந்துவிடுகிறது. கல்குவாரி முதலாளி ஒருவர் கழிவுக் கற்களைக் கொட்டி வாய்க்காலை மறித்திருக்கிறார். இவள் இரவோடு இரவாகப் பாறைகளைத் தூக்கி எறிந்து தண்ணீரைக் கொண்டுவருகிறாள். தண்ணீர் வந்ததும் பலம் போய்விடுகிறது. நனைந்த பாவாடையோடு வீட்டுக்கு வந்து, “இந்நேரம் வரைக்கும் எங்கடி போயிருந்த?” என்று அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு படுத்துக்கொள்கிறாள். ஊருக்கு விடிந்தபின் தண்ணீர் தெரிகிறது. செய்தது யாரென்று தெரியாது. நாற்பது பக்க நோட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். செப்டம்பர் மாதம் மதிய உணவு வேளையில் அவள் வாசித்துக் காட்டியபோது, டிபன் பாக்ஸை மூடாமலே கேட்டுக்கொண்டிருந்தோம். முதுகில் துணி கட்டிப் பறப்பவர்கள்தாம் சூப்பர் ஹீரோ என்று நினைத்திருந்த எங்களுக்கு, நம் ஊர் மடையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தது பெருமையாக இருந்தது.

முதலில் மடைக்காரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் வகுப்பிலேயே உயரமானவள். ஒரு கையில் தண்ணீர்க் குடத்தையும் மறு கையில் எங்களில் ஒருத்தியையும் தூக்கக்கூடியவள். அவளுக்காகவே எழுதிய பாத்திரம் போல இருந்தது. அக்டோபர் கடைசியில் அவளைக் கபடிப் பயிற்சி முகாமுக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டாமவளுக்கு வசனமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மேடையில் ஏறினால் குரல் எழும்பாது. பத்தே நாளில், “என்னால முடியலடி” என்று அவளே ஒதுங்கிக்கொண்டாள்.

வேப்பமரத்தடியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தோம். அவ்வழியே வந்த எங்கள் தமிழாசிரியை, “என்ன பிள்ளைகளா, இடி விழுந்த மாதிரி இருக்கீங்க?” என்று கேட்டார்.

“கதாநாயகியே இல்ல, டீச்சர்.”

“அம்புட்டுத்தானா? எந்திரன் படத்துக்கு மூணாவதாத்தான் கதாநாயகன் அமைஞ்சாரு, தெரியுமா?”

தெரியாது. அந்தப் படம் வந்தபோது எங்களில் பெரும்பாலோர் கைக்குழந்தைகள். ஆனால் பண்டிகை நாள்களில் தொலைக்காட்சியில் எத்தனை முறை பார்த்திருப்போம்! கெட்ட சிட்டி ஆட்டைப் போலக் கத்தும் காட்சியை வகுப்பில் நடித்துக் காட்டி வெளியே நின்றவர்களும் எங்களில் உண்டு. ரஜினிகாந்தைத் தவிர வேறொருவர் சிட்டியாக இருந்திருக்க முடியும் என்பதே எங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றியது. ஆசிரியை அன்று பாதி சொன்னார். மீதியை நாங்கள் தேடிப் பிடித்தோம். தோழி ஒருத்தியின் பெரியப்பா சினிமாச் செய்திகளைக் கத்தரித்து ஒட்டி வைத்திருந்த பழைய கணக்கு நோட்டுகள் மிகவும் உதவின. (அவரை வீட்டில் யாரும் பாராட்டியதில்லையாம். நாங்கள் பாராட்டுகிறோம்.)

இயக்குநர் ஷங்கர் ‘முதல்வன்’ படத்தை 1999-இல் முடித்த பிறகு, ஓர் இயந்திர மனிதனின் கதையை எடுக்க எண்ணினார். அன்று அதற்கு ‘ரோபோ’ என்று பெயர். கமல்ஹாசன் நாயகன், பிரீத்தி ஜிந்தா நாயகி. இருவரையும் வேடமிட்டு நிறுத்தி ஒத்திகைப் படங்கள்கூட எடுத்தார்கள். பெரியப்பாவின் நோட்டில் அதில் ஒன்று, பசை மஞ்சளாகிப் போய், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை நாங்கள் வெகுநேரம் பார்த்தோம். வராமல் போன ஒரு படத்திலிருந்து வந்த படம் அல்லவா! பேச்சு அத்துடன் நின்றுவிட்டது. ஷங்கர் ‘பாய்ஸ்’, ‘அந்நியன்’, ‘சிவாஜி’ என்று வேறு படங்களுக்குப் போய்விட்டார். இயந்திர மனிதன் பெட்டியில் தூங்கினான்.

‘சிவாஜி’ 2007-இல் வெளியானபின் பெட்டி மறுபடி திறந்தது. இம்முறை இந்தி நடிகர் ஷாருக் கான். அவருடைய நிறுவனமே தயாரிப்பதாகவும் இருந்தது. ஆனால் கதையைப் பற்றி இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அவர் விலகிவிட்டதாகச் செய்தி வந்தது. இரண்டு பேரும் போய், எட்டு ஆண்டுகளும் போயாயிற்று. வேறொருவராக இருந்தால் நோட்டை மூடிப் பரணில் போட்டிருப்பார். 2008 ஜனவரியில் ரஜினிகாந்த் நடிப்பதாக அறிவிப்பு வந்தது. ஐஸ்வர்யா ராய் நாயகி.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. விலகிப்போன ஷாருக் கான் 2011-இல் ‘ரா ஒன்’ என்ற சூப்பர் ஹீரோ படத்தில் நடித்தார். அந்தப் படத்தில் ஒரு காட்சியில் சிட்டியாகவே ரஜினிகாந்த் வந்து போகிறார்! தாம் விட்டுப் போன பாத்திரமே தம் படத்துக்கு விருந்தாளியாக வந்ததைப் பார்க்க அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு மதிய வேளை முழுவதும் விவாதித்தோம். முடிவு ஏற்படவில்லை.

பெயர் மாறியதும் இந்தக் கட்டத்தில்தான். தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்குத் தமிழக அரசு 2006-இல் கேளிக்கை வரி விலக்கு அளித்திருந்தது. ‘ரோபோ’ ‘எந்திரன்’ ஆனான். ஆசிரியைக்கு இதில் தனி மகிழ்ச்சி. கரும்பு பிழியும் ஆலையைச் சங்கப் புலவர்கள் எந்திரம் என்றே அழைத்தார்கள் என்றும், மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசையாகச் சொல்கிறது என்றும், அந்த வாரம் மூன்று பாடவேளைகள் இதிலேயே கழிந்தன. தேர்வில் அது வரவில்லை.

கதாநாயகர் மாறுவது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. 2000-இல் வந்த ‘எக்ஸ்-மென்’ படத்தில், கையிலிருந்து கத்தி முளைக்கும் உல்வரினாக நடிக்க டக்ரே ஸ்காட் என்பவரைத்தான் முதலில் அமர்த்தினார்கள். அவர் நடித்துக்கொண்டிருந்த மற்றொரு படம் முடிய நாளாகிவிட்டதால், கடைசி நேரத்தில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹியூ ஜாக்மேன் வந்தார். இன்று அந்தப் பாத்திரத்தை அவரில்லாமல் நினைக்க முடிகிறதா? எங்கள் கபடி வீராங்கனைக்கு இதைச் சொன்னோம். “அப்ப நாந்தான் டக்ரே ஸ்காட்டா?” என்று முகத்தைச் சுளித்தாள்.

எங்கள் மூன்றாவது மடைக்காரி, மூன்றாம் காட்சியில் மரமாக நிற்க வேண்டிய பெண். வகுப்பிலேயே குள்ளமானவள்; கடைசி பெஞ்ச்சில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பவள். மரமாக நின்று நின்று எல்லாருடைய வசனமும் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. எழுத்துக்காரிதான் அவளைச் சுட்டிக்காட்டினாள். “பலமில்லாதவளுக்குப் பலம் வந்தாத்தானடி கதை” என்றாள். அதுவரை எங்களுக்கு அது உறைக்கவில்லை.

அடுத்தது பணம். ‘எந்திரன்’ அந்நாளில் இந்தியாவிலேயே மிகுந்த செலவில் எடுக்கப்பட்ட படமாகப் பேசப்பட்டது. பெரு நாட்டில் மச்சு பிச்சு மலைமேல் ஒரு பாட்டு எடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2008-இல் உலகெங்கும் பணமுடை ஏற்பட்டபோது, தயாரித்துக்கொண்டிருந்த ஐங்கரன், ஈராஸ் நிறுவனங்களால் தொடர முடியவில்லை. அந்த டிசம்பரில் சன் பிக்சர்ஸ் படத்தை ஏற்றுக்கொண்டது. நாயகனுக்குப் பின் தயாரிப்பாளரும் மாறியாயிற்று.

எங்கள் பணமுடை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். மதுரையில் நாடக உடை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் கேட்ட தொகை அது. வகுப்பில் திரட்டியது அறுநூற்று நாற்பது. ஒரு தோழியின் அம்மா தையற்காரர். “துணி மட்டும் கொண்டாங்க தாயி, நான் தச்சுத் தாரேன்” என்றார். துணிக்கு எங்கே போவது? பள்ளி மேடையின் பழைய அரக்குநிறத் திரைச்சீலை, எலி கடித்தது, ஸ்டோர் ரூமில் கிடந்தது. சிஸ்டரிடம் கேட்டோம். “ஓட்டை இல்லாத பக்கத்தை எடுத்துக்குங்க, ஓட்டையை நாடகத்துல போட்டுராதீங்க” என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். சைக்கிள் ரிம் ஒன்று ஷட்டர்ச் சக்கரமானது. பாறைகள் தெர்மோகோல், அடுப்புக்கரியும் சாம்பலும் பூசினோம். தண்ணீர்தான் மிகப் பெரிய கவலையாக இருந்தது. அதற்கும் எழுத்துக்காரியே வழி சொன்னாள். தன் அம்மாவின் நீலச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். இருவர் இரு முனையைப் பிடித்துத் தரையோடு தரையாக அலைத்தால் தண்ணீர் ஓடி வருவது போலவே இருந்தது. அந்தச் சேலையை மறக்க வேண்டாம்.

படத்துக்கும் இதே கவலைதான் என்று சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். இருந்தாலும் உண்மை அதுதான். இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்ட வேண்டும். கலை இயக்குநர் சாபு சிரில் அரங்குகளை அமைத்தார். ஸ்ரீநிவாஸ் மோகன் கணினி வேலைகளைக் கவனித்தார். பின்னர் 2010-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது இருவருக்குமே கிடைத்தது. சிட்டியின் இயந்திர உடல்களைச் செய்துகொடுத்தது அமெரிக்காவின் லெகசி எஃபெக்ட்ஸ். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு துக்கம் இருக்கிறது. ‘டெர்மினேட்டர்’, ‘ஜுராசிக் பார்க்’ முதலிய படங்களின் பொம்மைகளை உருவாக்கிய ஸ்டான் வின்ஸ்டன் 2008 ஜூன் 15 அன்று இறந்தார். அவரோடு வேலை பார்த்தவர்கள் கூடி ஆரம்பித்த நிறுவனம் அது. லெகசி என்றால் விட்டுச் சென்ற சொத்து.

இனிச் சொல்ல வேண்டியது எங்களுக்குக் கடினமான பகுதி.

நவம்பரில், கதையைக் கேள்விப்பட்ட ஒரு தோழியின் அப்பா பள்ளிக்கு வந்தார். அவர் குவாரியில் கல் உடைத்தவர். கோபமாகப் பேசவில்லை. “எங்க பொழப்பையா வில்லன்னு காட்டப் போறீங்க, சிஸ்டர்?” என்று மட்டும் கேட்டார். எங்களில் பத்துப் பன்னிரண்டு பேரின் வீட்டில் அந்தக் கூலிதான் அடுப்பெரித்தது. வேலை நின்றபோது பட்டினி என்றால் என்னவென்றும் தெரியும். வகுப்பில் அன்று ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. எழுத்துக்காரி எழுந்து நின்றாள். “எங்கப்பாவும் கல்லு உடைச்சவருதான், சிஸ்டர். கல்லு உடைச்சவரை நான் வில்லன்னு எழுதல. வாய்க்கால்ல கொட்டச் சொன்னவரைத்தான் எழுதியிருக்கேன்” என்றாள். சிஸ்டர் உடனே எதுவும் சொல்லவில்லை. நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, “யோசிப்போம்” என்றார். எங்கள் வகுப்பிலும் கருத்து இரண்டாகப் பிரிந்து, இரண்டு நாள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தோம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

யோசித்து முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள். அவளுடைய அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். நோட்டை எங்களிடமே விட்டுவிட்டாள். “நல்லா செய்ங்கடி” என்றாள். சேலையையும் அவள் கேட்கவில்லை. நாங்களும் நினைவுபடுத்தவில்லை, நாடகத்துக்கு வேண்டுமே!

அந்த வாரம்தான் நூலகத்தில் சுஜாதாவைப் படித்துக்கொண்டிருந்தோம். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர் அவர். இயற்பெயர் ரங்கராஜன். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்றொரு இயந்திர நாய்க்குட்டியை நடமாட விட்டவர். ‘இந்தியன்’ தொடங்கி ஷங்கரின் பல படங்களுக்கு வசனம் எழுதியவர். ‘ரோபோ’ என்று முதலில் பேசிய நாளிலிருந்து அந்தக் கதையோடு இருந்தவர். நாயகர்கள் வந்தார்கள், போனார்கள், இவர் இருந்தார். கடைசியில் ரஜினிகாந்த் என்று முடிவாகி, வேலை சூடுபிடித்த வேளையில், 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். படம் திரைக்கு வர அப்போது இரண்டரை ஆண்டுக்கு மேல் இருந்தது. மிச்ச வேலைக்கு வந்தவர் மதன் கார்க்கி; ஆஸ்திரேலியாவில் கணினி அறிவியலில் ஆய்வுப் பட்டம் பெற்று, அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். 2010 அக்டோபர் 1 அன்று படம் வெளியானது. வசனம் என்ற இடத்தில் சுஜாதா, ஷங்கர், கார்க்கி மூவர் பெயரும் இருக்கிறது. பார்க்க முடியாமல் போனவரின் பெயரை விட்டுவிடவில்லை.

இதையெல்லாம் படித்தோம், “அடடா!” என்றோம், தாளில் குறிப்பும் எடுத்தோம். பிறகு என்ன செய்தோம் தெரியுமா?

ஜனவரியில் நாடகத்தை நாற்பத்தைந்து நிமிடத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடமாகக் குறைக்கச் சொன்னார்கள். எல்லா வகுப்புக்கும் இடம் வேண்டும் அல்லவா? அது நியாயமே. அம்மா திட்டும் காட்சியை வெட்டினோம். குவாரி முதலாளிக்குப் பதில் கொம்பு வைத்த ‘பேராசை அரக்கன்’ வந்தான். யாருக்கும் மனம் நோகாது. அட்டைக் கொம்பைப் பார்த்துக் குழந்தைகளும் சிரிப்பார்கள். முடிவில் மடைக்காரி பலம் இழப்பது சப்பென்று இருப்பதாக எங்களில் பலருக்குப் பட்டது. ஆகவே, தண்ணீர் வந்ததும் அவளை உயரமான மேசைமேல் ஏற்றி, அரக்குத் துணியைப் பின்னாலிருந்து இருவர் வீசிப் பிடிக்க, பறப்பது போல நிறுத்தி, ஊர் மக்கள் மாலை போடும்படி மாற்றினோம். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, நாங்களேதான் செய்தோம். திருப்பூருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எண் எங்களிடம் இருந்தது.

நிகழ்ச்சி நிரல் அச்சிட ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னபோது, ‘கதை, வசனம், நடிப்பு: பதினோராம் வகுப்பு மாணவியர்’ என்று எழுதிக் கொடுத்தோம். எவ்வளவோ பேர் மாற்றிவிட்டோம், இனி யார் பெயரைப் போடுவது என்று எங்களுக்குள் சமாதானமும் சொல்லிக்கொண்டோம். அவள் இப்போது நம் மாணவி இல்லையே என்றும் ஒருத்தி சொன்னாள். யாரும் மறுக்கவில்லை.

1978-இல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தை இயக்கிய ரிச்சர்ட் டோனர், இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதியையும் சேர்த்தே எடுத்திருந்தார். தயாரிப்பாளர்களோடு பிணக்கு ஏற்பட, அவரை விலக்கிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரைக் கொண்டு முடித்து 1980-இல் வெளியிட்டார்கள். திரையில் இயக்குநர் லெஸ்டர்தான். இருபத்தாறு ஆண்டு கழித்து, 2006-இல், டோனர் எடுத்த பகுதிகளைச் சேர்த்து அவர் எண்ணியபடியே மறுபடி தொகுத்து வெளியிட்டார்கள். இதை நாங்கள் தெரிந்துகொண்டது ஆண்டு விழாவுக்குப் பிறகு. முன்பே தெரிந்திருந்தாலும் மாறியிருப்போமா? சுஜாதாவைப் பற்றித் தெரிந்தபோதே மாறவில்லையே.

விழா நாள் மாலை மேடைக்குப் பின்னால் பவுடரும் வியர்வையுமாக ஒரே நெருக்கடி. அரக்கனின் கொம்பு ஒன்று ஒடிந்து, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தோம். திரை இடுக்கின் வழியே எட்டிப் பார்த்தவள் திடீரென்று, “ஏய், அவ வந்திருக்காடி” என்றாள். ஆம், ஐந்தாவது வரிசையில், அம்மாவோடு. இரவு பஸ் ஏறி வந்திருந்தார்கள். மடியில் நிகழ்ச்சி நிரல். விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த இருபத்திரண்டு நிமிடம் எப்படிப் போயிற்று என்று எங்களுக்கு நினைவில்லை. நீலச் சேலை ஓடி வந்தபோது அவளுடைய அம்மா அவள் தோளைத் தொட்டு, “நம்ம சேலை!” என்று சொல்வதை மட்டும் மேடையிலிருந்த இருவர் பார்த்தார்கள். மடைக்காரி மேசைமேல் ஏறிப் பறந்தாள். நீங்கள் எல்லாரும் தட்டினீர்கள். அவளும் தட்டினாள்.

முடிந்ததும் பின்பக்கம் வந்தாள். நாங்கள் வரிசையாக நின்றோம், ஏதோ தலைமை ஆசிரியை அறையில் நிற்பது போல. நிரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரக்கனின் கொம்பைத் தொட்டுப் பார்த்தாள். “நல்லா செஞ்சிருக்கீங்க. எங்கப்பாவுக்கும் அரக்கன்னாச் சங்கடம் இருக்காது” என்றாள். குட்டி மடைக்காரியின் தலைமுடியைச் சரிசெய்துவிட்டாள். பிறகு, போகிற போக்கில், “தண்ணி வந்ததுக்கப்புறம் அவ எதுக்குடி பறக்குறா? பாவாடை நனைஞ்சிருக்கணும்ல?” என்றாள்.

அவ்வளவுதான். எங்களில் ஒருத்தி அழுதுவிட்டாள். மற்றவர்கள் பெயரைச் சொல்ல மாட்டோம்.

நாங்கள் தமிழாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தோம், திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. “எந்திரன் கடைசிக் காட்சி நினைவிருக்கா?” என்று கேட்டார். 2030-ஆம் ஆண்டு. அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள், கழற்றி வைக்கப்பட்ட சிட்டியைப் பார்க்கிறார்கள். ஏன் கழற்றினார்கள் என்று ஒரு பிள்ளை கேட்கிறது. சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று சிட்டி பதில் சொல்கிறது. “இத்தனை சண்டை, இத்தனை கிராபிக்ஸ் எல்லாம் முடிஞ்சு, தலையை மட்டும் வச்சுக்கிட்டு ஒரு பொம்மை மெதுவாப் பேசுது. யாரும் பறக்கல. அதைத்தானே இத்தனை வருஷமாப் பேசிக்கிட்டிருக்கீங்க?” என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், சிஸ்டரின் அனுமதியோடு, ஆறாம் ஏழாம் வகுப்புத் தங்கைகளுக்காக நாடகத்தை மறுபடி போட்டோம். இம்முறை நோட்டில் இருந்தபடி. அரக்கன் இல்லை, வாய்க்காலில் கொட்டச் சொன்னவர் வந்தார், கொம்பில்லாமல், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு. வசனம் சொல்பவள் கல் உடைப்பவர்களைப் பார்த்துப் பேசும் இரண்டு வரியைச் சிஸ்டரே கூடச் சேர்த்துக் கொடுத்தார். ஆட்சேபம் சொன்ன அப்பாவையும் அழைத்திருந்தோம். வேலைக்குப் போய்விட்டதால் அவரால் வர இயலவில்லை. அவருடைய மனைவி வந்திருந்தார். நாடகம் முடிந்ததும், “அது சரிதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். குட்டி மடைக்காரியின் பாவாடையை உண்மையாகவே ஒரு வாளித் தண்ணீரில் நனைத்தோம். சொட்டச் சொட்ட வந்து நின்றாள். அம்மாவாக நடித்தவள், “இந்நேரம் வரைக்கும் எங்கடி போயிருந்த?” என்றாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் யாரும் கை தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முன்வரிசையில் ஒருத்தி, “அக்கா, அவங்க அம்மாவுக்குத் தெரியவே தெரியாதா?” என்று கேட்டாள்.

கரும்பலகையில் ‘கதை, வசனம்’ என்று எழுதி அவள் பெயரை முழுதாக எழுதியிருந்தோம், அவளுடைய அப்பாவின் முதலெழுத்தோடு. இங்கே போடக்கூடாது என்கிறாள். கரும்பலகையில் போடக்கூடாது என்று சொல்லவில்லை.

இம்மலரின் பிரதி ஒன்று திருப்பூருக்கு அஞ்சலில் போகிறது. அதே பொட்டலத்தில் நாற்பது பக்க நோட்டும், துவைத்து இஸ்திரி போட்ட நீலச் சேலையும் இருக்கின்றன. சேலையின் ஓரத்தில் ஆணி இழுத்து ஒரு சிறு கிழிசல் இருந்தது. தையற்கார அம்மா அதே நிற நூலில் தைத்துக் கொடுத்திருக்கிறார்; தேடினால்தான் தெரியும்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்